படம் திக்குகிறது, திருப்புளி

ஜனவரி 9

நாத்தனாருக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று எழுதுவது மரியாதை, எழுதிவிட்டேன்.

கப்பலுக்குக் குரலும் போகாது, படமும் போகாது, எழுத்து மட்டும்தான் போகும், அதுவும் கம்பெனி ஆபீஸ் வழியாக ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று உங்கள் அண்ணன் சொன்னார். நல்லதாகப் போயிற்று. நேரில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நாம் முட்டிக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஹாலில் நீங்கள் செய்து வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில் டிவி சரியாக வரவில்லை. நீங்கள் கப்பலேறிய மறுநாள் டிஷ்காரர் வந்து மாடியில் டிஷ்ஷை மாட்டி, ஒயரை உள்ளே இழுத்து, நீங்கள் பொருத்தியிருந்த டிவி கார்டில் செருகிக் கொடுத்தார். ஐந்து மாதமாக மாமா பழைய சினிமா சேனலைத் தவிர வேறு எதையும் போட விடாததால் ஒன்றும் தெரியவில்லை. இந்த வாரம்தான் எச்.டி. சேனல் பக்கம் போனோம். படம் திக்குகிறது. ஓடுகிறவன் நிற்கிறான், அப்புறம் நாலடி தள்ளிப் போய் நிற்கிறான். பந்து இந்தப் பக்கம் கிளம்புகிறது, நடுவில் காணாமல் போகிறது, அந்தப் பக்கம் தரையில் கிடக்கிறது. டிஷ்காரரை மறுபடியும் வரவழைத்தேன். "சிக்னல் ஜம்முனு இருக்கு மேடம். கோளாறு கம்ப்யூட்டர்லதான். செஞ்சவங்களையே கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் செய்தவரைக் கேட்கிறேன்.

எனக்கு டிவி பைத்தியம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் 26ஆம் தேதி வாலிபால் இறுதி ஆட்டத்துக்கு உங்கள் அண்ணன்தான் முதல் நடுவர். அவர் இதுவரை நின்றதெல்லாம் டிவிக்காரர்கள் எட்டிப் பார்க்காத ஆட்டங்கள். முதல் தடவையாக டிவியில் வரப்போகிறார். நடுவர் சங்கத்தில் வயது வரம்பு வந்துவிட்டதால் அதுவே அவருக்குக் கடைசி ஆட்டமும். வீட்டு மனிதர் யாராவது கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு விசில் வராது என்பது ஊரறிந்த சங்கதி. கல்யாணமானதிலிருந்து அவர் வேலை செய்வதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இதை விட்டால் அப்புறம் பார்க்க ஒன்றுமே இல்லை.

பழைய டிவி பெட்டியை நீங்கள்தான் உதிரிக்காகப் பிரித்துப் போட்டீர்கள். பக்கத்து வீட்டில் போய்ப் பார்க்கலாமே என்கிறார் மாமா. அடுத்தவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து என்னால் அழ முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதினால் செய்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணி


ஜனவரி 10

அண்ணி,

"நாத்தனாருக்கு." "நீங்கள்." என் தலையில் நறுக்கென்று குட்டி, "போய்ப் படிடி" என்று விரட்டிய அதே கைதானா இதை எழுதியது? நாலு வார்த்தை திட்டி எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நானும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன விடுமுறையில் வெளியே எங்கும் போகாமல், ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி அந்தக் கம்ப்யூட்டரைச் செய்தேன். சினிமா, பாட்டு, டிவி எல்லாம் ஒரே பெட்டியில் வர வேண்டும், ஒரே ரிமோட்டில் அப்பாவுக்குக் கைக்கு அடங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். கிளம்புகிற அன்று காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறேன், கீழே நீங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்கிறீர்கள்: "ஹால்ல ஒரு மாவு மில்லைக் கொண்டுவந்து வச்சிருக்கா. ராப்பகலா அரைக்குது." டிஷ்காரர் வரும் வரைக்கும் இருந்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு அடுத்த நாள் போகலாம் என்றிருந்தவள், அப்படியே வாசலைத் தாண்டிவிட்டேன். போய்ட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. இப்போது மாவு மில் ஓடவில்லை என்று மாவு மில்காரிக்கே கடிதம் வருகிறது.

போகட்டும். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னொரு சுற்றுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கேப்டன் காகிதத்தை மேஜை மேல் வைத்திருக்கிறார். போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் அண்ணன் ஆட்டம் என்பது வேறு. அதற்காகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். எனக்கு அங்கே கண் கிடையாது, நீங்கள்தான் கண். கேட்பதற்குச் சரியாகப் பதில் எழுதுங்கள். படம் நிற்கும்போது சத்தமும் அறுபடுகிறதா, இல்லை சத்தம் பாட்டுக்கு ஓடுகிறதா? படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறதா, இல்லை முழுப் படமாகவே நின்று நின்று போகிறதா? சத்தமும் அறுந்து படமும் சிதறினால் சிக்னல் கோளாறு; டிஷ்காரர் சட்டையைப் பிடிக்கலாம். இல்லையென்றால் என் சட்டை.

விசிறிச் சத்தம் எப்படி இருக்கிறது என்றும் எழுதுங்கள். குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, வேலைக்காகக் கேட்கிறேன்.

(இந்த இடத்தில் என்ன போடுவது என்று தெரியவில்லை)
கப்பலின் மின்கருவி அதிகாரி


ஜனவரி 12

அடி திருப்புளி,

ஆறு வயதில் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டதற்கு மாமா வைத்த பெயர் உனக்குச் சரியாகத்தான் வைத்திருக்கிறார். எதையும் கழற்றாமல் உன்னால் இருக்க முடியாது. "நீங்கள்" போட்டது தப்புதான். எழுதும்போதே எனக்கு வாய் கசந்தது. விடு.

மாவு மில் என்று சொன்னேன். சொல்லவில்லை என்று பூசி மெழுக மாட்டேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும். நாள் முழுக்கக் காது சோதனைக் கூண்டுக்கு வெளியே உட்கார்ந்து, ஊசி விழுகிற சத்தம் யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று பார்க்கிற பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் மோட்டார் எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பது முதற்கொண்டு எனக்குக் கேட்கும். அதில் ஹாலுக்குள்ளேயே ஒன்று உறுமினால் எப்படி இருக்கும்? ஆனால் அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், அவளிடம் அல்ல. அந்த மட்டுக்கும் நீ கோபித்துக்கொண்டது நியாயம். சொல்லாமல் கிளம்பியது மட்டும் நியாயமா? உனக்குக் கட்டி வைத்த சாப்பாடு அடுப்படி மேடையிலேயே இருந்தது. மாமா அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. போதாதற்கு ஒயர் போவதற்கென்று என் புது டிவி அலமாரியின் முதுகில் முஷ்டி போகிற அளவுக்கு ஓட்டை போட்டிருக்கிறாய். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதையும் குறித்துக்கொள்.

இனி உன் கேள்விகள். சத்தம் அறுபடவில்லை. இந்த விஷயத்தில் நீ என்னை நம்பலாம். ஒரு துளிகூட அறுபடவில்லை. படம்தான் பின்தங்குகிறது. செய்தி வாசிக்கிற பெண் வாயை மூடிய பிறகும் பேசுகிறாள், அப்புறம் திடீரென்று ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிறாள். கட்டம் எதுவும் இல்லை. முழுப் படமாகவே நிற்கிறது.

விசிறிச் சத்தம் தொந்தரவில்லை. பழகிவிட்டது.

மறு ஒப்பந்தத்தைப் பற்றி மாமாவிடம் சொல்லவில்லை. நீயே யோசித்துச் செய்.

அண்ணி


ஜனவரி 13

அன்புள்ள அண்ணி,

அப்படியானால் என் சட்டைதான். சிக்னல் நன்றாக இருக்கிறது.

எச்.டி. படம் ஆகாயத்திலிருந்து அப்படியே வருவதில்லை. இறுக்கி, மடித்து, மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் அதை நொடிக்கு நொடி பிரித்து விரித்துக் காட்ட வேண்டும். சாதாரண சேனல் சின்ன மூட்டை, யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். எச்.டி. பெரிய மூட்டை. அதைப் பிரிப்பதற்கென்றே உள்ளே ஒரு வீடியோ கார்டு வைத்திருக்கிறேன். ஆனால் அது சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பாவப்பட்ட பிராசஸர் ஒற்றை ஆளாக மாரடிக்கிறது என்று நினைக்கிறேன். நான் வைத்துப் பார்த்ததெல்லாம் சினிமாதானே, நேரலையைப் பார்க்கவே இல்லையே.

டிவி ஓடுகிற அந்த மென்பொருளில் பல்சக்கரம் போல ஒரு குறி இருக்கும். அதை அமுக்கினால் வீடியோ என்று ஒரு பகுதி வரும். அதில் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்ற வரிக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கும். டிக் செய்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஒரு தடவை நிறுத்திப் போடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். அப்பாவையும் தொட விடாதீர்கள்.

கட்டி வைத்த சாப்பாடு பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு, அப்புறம் கோபித்துக்கொண்டு போயிருப்பேன்.

திருப்புளி


ஜனவரி 16

திருப்புளி,

டிக் செய்தேன். மாமா பக்கத்தில் நின்றுகொண்டு, "பார்த்தும்மா, பார்த்து" என்று குண்டைச் செயலிழக்க வைக்கிற மாதிரி பயமுறுத்திக்கொண்டே இருந்தார். நிறுத்திப் போட்டதும் படம் வந்தது பார், வயிற்றில் பால் வார்த்தாய். வழுக்கிக்கொண்டு போகிறது. ஏதோ ஒரு சைக்கிள் பந்தயம். சக்கரத்தின் கம்பி ஒவ்வொன்றும் தெரிகிறது. மாமா கையைத் தட்டினார்.

நான் காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். மறுபடியும் திக்கல். நிறுத்திவிட்டு, குளித்துவிட்டு வந்து போட்டால் முதலில் நன்றாக ஓடுகிறது. அரை மணி தாண்டினால் மூச்சு வாங்குகிறது. கம்ப்யூட்டருக்குக் களைப்பு வந்துவிடுகிறது என்பது மாமாவின் கண்டுபிடிப்பு. அவரைப் போலவே அதற்கும் வயதாகிவிட்டதாம்.

ஒரு ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது என்கிறார்கள். ஐந்து செட் போனால் இன்னும் அதிகம். முதல் அரை மணியில் உன் அண்ணனைப் பார்த்து என்ன செய்ய?

நேற்று அவர் பயிற்சி முகாமுக்குக் கிளம்பினார். கிளம்புவதற்கு முன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சின்னதாக ஒரு விசில், பெரிதாக ஒரு விசில். நான் கேட்டுக்கொண்டே சமையலறையில் நின்றேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பதோடு என் பங்கு முடிந்துவிடும் போலிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. சிரிக்காதே.

அண்ணி


ஜனவரி 17

அண்ணி,

சிரிக்கவில்லை. ஆனால் உங்கள் பழைய கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "விசிறிச் சத்தம் தொந்தரவில்லை. பழகிவிட்டது."

பழகிவிட்டதா? உங்களுக்கா? படுக்கையறைக் கடிகாரம் டிக் டிக் என்கிறது என்று அதைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, மணி பார்ப்பதற்கு அண்ணனை எழுந்து போக வைத்தவர் நீங்கள். என் செருப்புச் சத்தத்தை வைத்தே நான் பரீட்சை நன்றாக எழுதினேனா இல்லையா என்று சொன்னவர். ஐந்து மாதத்தில் உங்கள் காது மாறாது. அப்படியென்றால் மாறியது வேறு ஏதோ.

நன்றாக ஆரம்பித்து அரை மணியில் தடுமாறுகிற இயந்திரத்துக்கு எங்கள் கப்பலில் ஒரே அர்த்தம்தான், சூடு. சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் மூட்டை பிரிகிற வேலை பின்தங்கும். அந்த விசிறி உறுமுவதே சூட்டை வெளியே தள்ளத்தான்.

உங்கள் மேல் பழி போடுகிற எண்ணம் எனக்கு இல்லை. ஒரே ஒரு கேள்வி. அண்ணி, கம்ப்யூட்டர் இப்போது எங்கே இருக்கிறது?

திருப்புளி


ஜனவரி 19

திருப்புளி,

உனக்கு மோப்பம் பிடிக்கிற மூக்கு. போலீஸில் சேர்ந்திருக்கலாம்.

சொல்கிறேன். நீ போன மாதத்திலேயே எங்கள் கிளினிக்கில் சோதனைக் கூண்டுக்குப் புது மெத்தை ஒட்டினார்கள். பழையதைக் கழற்றிக் குப்பையில் போடப் பார்த்தார்கள். சுவர் முழுக்க ஒட்டியிருக்குமே, கருப்பாக, மேடும் பள்ளமுமாக ஒரு ஸ்பாஞ்சு. சத்தத்தை அப்படியே விழுங்கிவிடும். சும்மா கிடைக்கிறதே என்று தூக்கிக்கொண்டு வந்தேன். டிவி அலமாரியின் உள்பக்கம் மேலே, கீழே, இரண்டு பக்கமும் அளவாக வெட்டி ஒட்டினேன். முதுகில் நீ போட்ட ஓட்டை வழியாகச் சத்தம் வந்தது. அதில் ஒயரைச் சுற்றி மிச்சத் துண்டுகளைத் திணித்தேன். கதவிலும் ஒன்று ஒட்டி, கம்ப்யூட்டரை உள்ளே வைத்து இறுக்கி மூடினேன். இரவு ஹாலில் வந்து நின்று பார்த்தால் பஞ்சு மாதிரி ஒரு அமைதி. என் வேலையில் நான் கற்றுக்கொண்டதையெல்லாம் அந்த அலமாரிக்குள் காட்டியிருந்தேன். எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மாவு மில் என்று சொன்னதற்கே நீ கப்பலேறிவிட்டாய், அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினேன் என்று எப்படி எழுதுவது? அதனால்தான் பழகிவிட்டது என்று எழுதினேன். சூடும் சத்தமும் ஒரே வழியாக வெளியே போகும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. எனக்குத் தெரிந்தது சத்தத்தை அடைக்க மட்டும்தானே.

உன் கடிதம் வந்ததும் கதவைத் திறந்து பெட்டி மேல் கையை வைத்தேன். தோசைக்கல்தான். மாமா ஸ்பாஞ்சையெல்லாம் பிய்த்து எடுத்தார். ரொம்ப சந்தோஷமாகப் பிய்த்தார் என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரை வெளியே எடுத்து மேஜை மேல் வைத்தோம். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் எச்.டி. ஓடுகிறது, திக்கவே இல்லை. மாவு மில்லும் அரைக்கிறது, அரைக்கட்டும்.

ஆனால் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. இது வேறு மாதிரி. மைதானத்தைக் கேமரா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் காட்டும்போது படம் சின்னதாக இடறுகிறது. கீழே ஓடும் செய்தி வரியும் அப்படித்தான். மாமாவுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. முன்னே வந்தது கண்டபடி வந்தது. இது தாளம் தப்பாமல் வருகிறது. மேஜையில் விரலால் தட்டிப் பார்த்தேன். சரியாக விழுகிறது. இதற்கு என்ன சொல்கிறாய்?

அண்ணி


ஜனவரி 20

என் அண்ணியே,

நேற்று சாப்பாட்டு மேஜையில் உங்கள் கடிதத்தைத் தலைமைப் பொறியாளரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவே மாட்டார், எங்களுக்கெல்லாம் அவரைக் கண்டால் பயம். சொல்லி முடிப்பதற்குள் சாப்பாடு புரையேறி, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "உங்க அண்ணிக்கு மெஷின் மேல அவ்ளோ பாசமா? ஸ்வெட்டர் போட்டு விட்டிருக்காங்களே" என்றார். இப்போது என்ஜின் அறையில் எது சூடானாலும், "அண்ணி வந்தாங்களா?" என்று கேட்கிறார்கள். நீங்கள் இந்தக் கப்பலில் பிரபலம்.

சிரித்து முடித்துவிட்டுத் தாளம் பற்றி எழுதியதை இரண்டாவது தடவை படித்தேன். சிரிப்பு போய்விட்டது. கண்டபடி வந்தால் இயந்திரத்துக்கு முடியவில்லை என்று அர்த்தம். தாளத்தோடு வந்தால் இரண்டு கணக்கு ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். இது முழுக்க முழுக்க என் வேலை.

நம் ஊரில் டிவி நிலையம் நொடிக்கு ஐம்பது என்ற கணக்கில் படத்தை அனுப்புகிறது. நான் திரையை நொடிக்கு அறுபது தடவை வரையும்படி வைத்துவிட்டேன். கப்பலில் எல்லாத் திரையும் அறுபதுதான், கைப்பழக்கத்தில் அதையே போட்டிருக்கிறேன். ஐம்பது படத்தை வைத்துக்கொண்டு அறுபது தடவை காட்டச் சொன்னால் அது என்ன செய்யும்? நடு நடுவே ஒரே படத்தை இரண்டு தடவை காட்டி ஒப்பேற்றும். அதுதான் நீங்கள் விரலால் தட்டிய தாளம். டிஷ்காரர் வரும் வரைக்கும் இருந்து ஒரே ஒரு நேரலையைப் பார்த்திருந்தால் எனக்கே கண்ணில் பட்டிருக்கும். நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டேனே.

திரையில் காலி இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் டிஸ்ப்ளே அமைப்புகள் வரும். அதில் 60 என்று இருப்பதை 50 என்று மாற்றுங்கள். திரை ஒரு கணம் கருப்பாகிவிட்டு வரும், பயப்படாதீர்கள். அப்பாவை அப்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. ஆட்டம் ஆரம்பிக்கும்போது ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அமுக்குங்கள். முழு ஆட்டமும் பதிவாகிவிடும். நடுவில் நிறுத்தினாலும் பின்னால் பதிவு ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு இங்கே எதையும் பார்க்க வழியில்லை, தெரியும். நீங்கள் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒன்று விடாமல் எழுதுங்கள். அவர் சட்டை மடிப்பு முதற்கொண்டு எனக்கு வேண்டும்.

திருப்புளி


ஜனவரி 22

திருப்புளி,

ஐம்பது போட்டாயிற்று. கருப்பானதும் நான் கத்திய கத்தலில் மாமா பின்கட்டிலிருந்து ஓடி வந்தார். அதற்குள் படம் வந்துவிட்டது. கீழே ஓடும் செய்தி வரியைக் கால் மணி நேரம் பார்த்தேன். தண்ணீர் மாதிரி போகிறது. என்ன செய்தி என்று கேட்காதே, படிக்கவில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், மாவு மில்லில் வாலிபால் அருமையாகத் தெரிகிறது, என் நாத்தனார் செய்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அண்ணி


ஜனவரி 27

என் கண்ணு திருப்புளி,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் சூடாகிவிடக் கூடாது என்று மாமா மேஜை விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது, அது ஜிலுஜிலு என்று இருந்தது. இரண்டு விசிறிச் சத்தம். ஆட்டம் ஆரம்பித்த பிறகு எனக்கு இரண்டும் கேட்கவில்லை. நீ நம்பமாட்டாய், நானே நம்பவில்லை.

அவர் ஏணியில் ஏறி அந்த உயரமான மேடையில் நின்றார். சட்டை மடிப்பு கத்தி மாதிரி இருந்தது, அங்கே யாரோ நன்றாக இஸ்திரி போடுகிறார்கள். விசிலைக் கைக்குட்டையால் துடைத்தார். முதல் விசில் அடித்தபோது மாமா எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. படம் ஒரு இடத்தில்கூட இடறவில்லை. பந்து ஒரு கையிலிருந்து கிளம்பி வலையைத் தாண்டி இன்னொரு கையில் போய்ச் சேரும் வரைக்கும் அதன் தையல்கூடத் தெரிந்தது.

மூன்றாவது செட்டில் ஒரு அணித் தலைவன், ஆறடிக்கு மேல் இருப்பான், மேடைக்குக் கீழே வந்து நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினான். உன் அண்ணன் அவனை நிறுத்தவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். எனக்குச் சுரீர் என்றது. வீட்டில் நான் கத்தும்போதும் இதே சாய்வு, இதே தூரத்துப் பார்வைதான். நான் சொல்வது எதுவும் இந்த மனுஷன் காதில் ஏறுவதில்லை, வேறு எதையோ நினைத்துக்கொண்டு நிற்கிறார் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். கேமரா முகத்துக்குப் பக்கத்தில் போனது. அவர் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்தார், திருப்புளி. அதுதான் அவர் கேட்கிற முகம். ஊரார் காதெல்லாம் சோதிக்கிற எனக்கு என் வீட்டுக்காரர் கேட்கிற முகம் தெரியவில்லை. அவன் கத்தி முடித்ததும் இரண்டு வார்த்தை ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நான் அழுதேன். என் வீட்டு சோபாவில்தான்.

ஐந்தாவது செட் வந்தது. பதினாலுக்குப் பதின்மூன்று. இன்னும் ஒரு புள்ளி போட்டால் முடிந்தது. பந்தைப் போடுகிறவன் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றான். உன் அண்ணன் விசிலை வாயில் வைத்தார்.

நான் ரிமோட்டில் நிறுத்தும் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

"என்னம்மா, மறுபடியும் நின்னுடுச்சா?" என்றார் மாமா.

"இல்ல மாமா, நான்தான் நிறுத்தினேன். அவ வரட்டும்."

அவருடைய கடைசி விசிலைப் பார்க்க வேண்டியவர்கள் இந்த வீட்டில் மூன்று பேர். இருந்தது இரண்டு பேர். மூன்றாவது ஆள் எங்கோ கடல் நடுவில் உட்கார்ந்து, தான் பார்க்க முடியாத படத்தைப் பத்து நாளாக எங்களுக்காகச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவளை விட்டுவிட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மாமா கோபித்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "எப்ப வர்றாளாம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

சிவப்புப் பொத்தானை ஆரம்பத்திலேயே அமுக்கியிருந்தேன், பதிவு பத்திரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா முடிவைச் சொல்ல ஓடி வந்தாள். மாமா வாசலிலேயே மறித்து, அவள் பேசப் பேச, சத்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டார். அவள் இனி நம் வீட்டுப் பக்கம் வருவாளா என்பது சந்தேகம். உன் அண்ணன் இன்று காலை வந்தார். வாயைத் திறக்கும் முன்பே சட்டம் போட்டுவிட்டேன். "நான் அடிச்ச விசிலை நானே சொல்லக் கூடாதா?" என்றார். கூடாது என்றேன். தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார், சரி என்றார்.

கேப்டன் மேஜையில் வைத்த காகிதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வா என்று மட்டும் சொல்கிறேன்.

அண்ணி


ஜனவரி 29

அண்ணி,

உங்கள் கடிதத்தைக் கப்பல் அலுவலகத்திலேயே நின்றபடி படித்தேன். தலைமைப் பொறியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார். வாலிபால் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

எனக்கு இன்னும் முடிவு தெரியாது. நேற்று சமையல்காரர் எங்கிருந்தோ செய்தி பிடித்துக்கொண்டு வந்து, "உங்க அண்ணன் ஆட்டத்துல கடைசியில என்னாச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தார். தட்டை அப்படியே போட்டுவிட்டு மேல்தளத்துக்கு ஓடிவிட்டேன். இரண்டு வேளையாகச் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து தரச் சொல்லியிருக்கிறேன். கப்பல் முழுக்கத் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது லேசான வேலை இல்லை.

கேப்டனின் காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். வீட்டில் எனக்காக ஒரு ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன்.

பிப்ரவரி 18 சாயங்காலம் வந்துவிடுவேன். வந்ததும் குளி என்று சொல்லாதீர்கள், சாப்பிடு என்று சொல்லாதீர்கள், இளைத்துவிட்டாயே என்று ஆரம்பிக்காதீர்கள். நேராக ஹாலுக்குத்தான் வருவேன். அப்பா, அண்ணன், நீங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருங்கள். எனக்கு உங்கள் பக்கத்தில் இடம் போட்டு வையுங்கள்.

உங்கள்,
திருப்புளி